மாவுத் தொட்டியின் மேல் அமர்ந்த அரசி

வெர்ப்னாவில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் முதலில் நவோய்காவின் கதவைத்தான் தட்டுவார்கள். ஓர் அரசிக்குக் கல்யாணக் குல்லாய் கட்டிய கை. அந்தக் கை பட்டால் பெண் நிறைய பிள்ளை பெறுவாள், புருஷன் போருக்குப் போனாலும் திரும்பி வருவான் என்று ஊருக்கு நம்பிக்கை. தேன் ஜாடியோடு வந்து நிற்பார்கள். அவள் கதவைத் திறப்பாள். ஜாடியைத் தொட மாட்டாள்.

"கை நடுங்குது. வேற ஆளப் பாருங்க."

கை நடுங்கவில்லை. அதே கையால் அவள் ஊசியில் நூல் கோப்பதை வந்தவர்கள் வாசலில் நின்றே பார்த்திருக்கிறார்கள். "ராணிக்குக் கட்டின கை, குயவன் வீட்டுப் பொண்ணுக்குக் கட்டுமா?" என்று பேசிக்கொண்டே ஜாடியைத் திருப்பி எடுத்துப் போவார்கள். அவளுக்குக் காது கேட்கும்.

அவள் உப்பு வண்டிக்காரனின் மனைவி. முதல் குழந்தை பிறந்த வாரமே போய்விட்டது. மார்பில் பால் கட்டி, காய்ச்சலோடு கிடந்த நாளில் கோட்டையிலிருந்து ஆள் வந்தான். கோமகனின் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது, அழுகிறது. நவோய்காவை அவள் படுத்திருந்த வைக்கோலோடு தூக்கி வண்டியில் போட்டார்கள். கோட்டையில் யாரோ அவள் மடியில் ஒரு துணி மூட்டையை வைத்தார்கள். அது வாயைத் திறந்து தேடியது. அதன் பெயர் சலோமேயா என்று அவளுக்கு மறுநாள்தான் சொன்னார்கள்.

குழந்தை அவளைப் பாலம்மா என்று கூப்பிட்டது. வேறு அம்மா இல்லாததால் அந்தச் சொல்லில் பாதி சீக்கிரமே தேய்ந்து, வெறும் அம்மா ஆகும். மற்றவர்கள் இருக்கும்போது மட்டும் முழுதாகத் திரும்பி வரும்.

மலைக்கு மேற்கே இருந்த அரசருக்கும் வெர்ப்னாவின் கோமகனுக்கும் உப்புப் பாதையில் மூன்று தலைமுறைச் சண்டை. சலோமேயாவுக்கு ஐந்து வயதானபோது சமாதானம் பேசினார்கள். சமாதானத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். அரசருக்கு முப்பது வயது, மனைவி இல்லை. கோமகனிடம் கொடுப்பதற்குக் குழந்தைதான் இருந்தது.

திருச்சபையின் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பெரியவர்கள் வாக்குக் கொடுத்துக் குழந்தையை மணம் முடிக்கலாம். அவளை அரசி என்று அழைக்கலாம், கிரீடம்கூட வைக்கலாம். ஆனால் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது பிஷப் அவளை நேரில் கேட்க வேண்டும். அன்று அவள் மாட்டேன் என்று சொன்னால் எல்லாம் இல்லை என்று ஆகிவிடும்.

புறப்படுகிற அன்று காலையில் கோமகன் குதிரை லாயத்துக்கு வந்தார். நவோய்கா ரொட்டி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருஷம். உப்புப் பாதை ஏழு வருஷம் அமைதியா இருந்தாப் போதும் எனக்கு. அதுக்குள்ள கோட்டைச் சுவரக் கட்டி முடிச்சிடுவேன். பன்னெண்டு வயசுல கேப்பாங்க. மாட்டேன்னு சொல்லச் சொல்லு. சொன்ன மறுநாள் நானே வந்து கூட்டிட்டு வருவேன்."

"சின்னப் பிள்ளைங்க. மறந்துட்டா?"

"நீ எதுக்கு இருக்க?"

அந்தக் கேள்வியை மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

எல்லையில் இருந்த கல் பாலத்தில் மேற்கத்தி ஆட்கள் காத்திருந்தார்கள். அங்கிருந்து வெர்ப்னாவின் வேலையாட்கள் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தம். பால் கொடுத்தவள் மட்டும் போகலாம். மெக்டில்ட் என்ற உயரமான சீமாட்டி வந்து குழந்தையின் கையைப் பிடித்தாள். குழந்தை மறு கையால் நவோய்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் அப்படியே பாலத்தைக் கடந்தார்கள்.

ஹார்ட்டன்ஸ்டைன் கோட்டையில் நவோய்கா ஏழு வருஷம் இருந்தாள். அந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொள்ளவில்லை. 'இன்னைக்கோ நாளைக்கோ போறவளுக்கு அது எதுக்கு?' என்று நினைத்தாள். சலோமேயா ஒரே குளிர்காலத்தில் கற்றுக்கொண்டாள். அதன்பிறகு மெக்டில்ட் சொல்வதையெல்லாம் நவோய்காவுக்கு மாற்றிச் சொல்வது அவள்தான்.

"என்ன சொல்றா அந்த நெட்டச்சி?"

"இன்னைக்கு நான் ரெண்டு தேன் ரொட்டி சாப்பிடலாமாம்."

"முகத்தப் பாத்தா அப்படித் தெரியலையே."

"அவ முகம் எப்பவுமே அப்படித்தான், பாலம்மா."

மெக்டில்டின் முகத்துக்குக் காரணம் இருந்தது. அரசியின் தலை திறந்திருந்தது.

வெர்ப்னா நாட்டில் கல்யாணமாகாத பெண்ணின் கூந்தல் வெயில் படவே இருக்கும். கல்யாணத்தன்று மாவு பிசைகிற மரத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பெண்ணை அதன் மேல் உட்கார வைத்து, பின்னலை அவிழ்ப்பார்கள். தாய் பாடிக்கொண்டே குல்லாயைக் கட்டுவாள். தாய் இல்லாவிட்டால் பால் கொடுத்தவள் கட்டுவாள். கோயிலில் சாமியார் என்ன மந்திரம் சொன்னாலும் குல்லாய் கட்டாதவரை அவள் கன்னிப் பெண்தான். கட்டிவிட்டால், சாமியார் வராவிட்டாலும் அவள் ஒருத்தனின் மனைவி. இன்னொன்றும் உண்டு. பாதியில் நின்ற குல்லாய் ஆகாது. தொட்டி இல்லாமல், பாட்டு இல்லாமல் சும்மா கட்டினால் அந்தப் பெண் ஒரு வருஷம் தாங்க மாட்டாள். இது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மேற்கில் இதெல்லாம் கிடையாது. அங்கே மோதிரம்தான். ஆனால் மனைவி தலையை மூட வேண்டும் என்பது அங்கும் உண்டு. அரசி விருந்துச் சாலையில் பின்னலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மெக்டில்டுக்குத் தினமும் ஓர் அவமானம். நவோய்கா அசையவில்லை. பன்னிரண்டு வயது வரை இருக்கட்டும் என்று அரசரே சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். குழந்தையைவிட அவருக்குத்தான் கூச்சம். ஒருமுறை கூண்டில் ஒரு வானம்பாடி கொண்டுவந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் அதன் தீனியைப் பற்றி வெகுநேரம் சொல்லிவிட்டுப் போனார். அவரை முழு மனசோடு வெறுக்க நவோய்கா பலமுறை முயன்றிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து தலை சீவும்போது ஒரு விளையாட்டு. நவோய்கா சீப்பைச் செங்கோல் போலப் பிடித்து பிஷப் ஆவாள்.

"மகளே, உனக்குச் சம்மதமா?"

"மாட்டேன்."

"சத்தமா."

"பிஷப்புக்குக் காது கேக்காதா?"

"கேக்கும். கேக்காத மாதிரி உக்காந்திருப்பாரு."

"மாட்டேன்! மாட்டேன்! வானம்பாடியக்கூட நீங்களே வச்சுக்கோங்க!"

"அது வேண்டாம். பறவை என்ன பாவம் பண்ணுச்சு, கொண்டு போயிடலாம்."

ஒன்பதாவது வயதில் சலோமேயாவின் அப்பா காய்ச்சலில் இறந்த செய்தி வந்தது. அவர் தம்பி கோமகன் ஆனார். அன்று குழந்தை அழவில்லை. அப்பாவின் முகம் நினைவில்லை, தாடி மட்டும் நினைவிருக்கிறது என்றாள். பிறகு கேட்டாள்:

"யாரு வருவா என்னக் கூட்டிட்டுப் போக?"

"சித்தப்பா."

"அவரு வாக்குக் குடுக்கலையே."

"அப்பா குடுத்தது வீட்டு வாக்கு. வீடு அங்கதான இருக்கு?"

அந்த வருஷம்தான் நவோய்கா குல்லாயைத் தைக்க ஆரம்பித்தாள். வெள்ளை லினன் துணி, ஓரத்தில் வில்லோ மரத்து இலைகள், பச்சை நூலில். பால் கொடுத்த எல்லாரும் தைப்பதுதான். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் இவளுக்குப் பிடித்த யாரோ ஒருவன் வருவான். அன்றைக்கு வேண்டும். குழந்தை பார்த்துவிட்டால் கேலி செய்வாள் என்று மெத்தைக்கு அடியில் வைத்திருந்தாள்.

பன்னிரண்டு வயது நிறையும் வசந்தத்தில் வெர்ப்னாவிலிருந்து தூது வந்தது. ஒன்பது குதிரைகள், ஒரு மூடிய வண்டி. முதல் குதிரையிலிருந்து இறங்கிய கறுப்பு அங்கிக்காரரை நவோய்கா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பக்கத்து வீட்டு ஸ்டானிமிர். அவள் தோட்டத்து முள்ளங்கியைத் திருடித் தின்று வளர்ந்தவன். இப்போது படித்த சாமியார், கோமகனின் எழுத்தர்.

"சாமின்னு கூப்பிடணுமா, முள்ளங்கித் திருடான்னு கூப்பிடணுமா?"

"ரெண்டும் நான்தானக்கா," என்று சிரித்தான். "தனியா இருக்கும்போது ரெண்டாவதே போதும்."

ஏழு வருஷமாக, வளர்ந்த ஆள் ஒருவர் வெர்ப்னாவின் பாஷை பேசி அவள் கேட்டதில்லை. வாயை அகலத் திறக்காமல், வார்த்தையின் கடைசியை விழுங்கிப் பேசுகிற ஊர்ப் பேச்சு. கசகசா வைத்துச் சுட்ட ரொட்டி ஒன்றை மடியிலிருந்து எடுத்தான். வழியில் காய்ந்து கல்லாகியிருந்தது. அதை உடைத்து நனைத்துத் தின்றபோது அவளுக்கு வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

அவளுடைய அறையில், கதவை ஒட்டி நின்று தணிந்த குரலில் சொன்னான்.

"சித்தப்பா சம்மதிச்சிட்டாரு. வியாழக்கிழமை பிஷப் கேப்பாரு. நம்ம பொண்ணு மாட்டேன்னு சொல்லணும். சொல்லுவாளா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா."

"நல்லது. சொன்ன கையோட கிளம்பிடணும். இவங்க கோவத்துல கதவ சாத்திட்டா அவ்வளவுதான். வண்டி வாசல்லயே நிக்கும். ஆனா ஒண்ணு, அக்கா. கணவாய் முழுக்கக் கூலிப் படை. பின்னல் தொங்கப் போட்டுக்கிட்டு ஒரு கன்னிப் பொண்ணு போறான்னு தெரிஞ்சா விட மாட்டாங்க. குல்லாய் போட்டா யாரோ ஒருத்தன் பொண்டாட்டின்னு கண்டுக்காம விட்டுடுவாங்க. காலைலயே போட்டுக் கூட்டிட்டு வாங்க. அங்க வச்சு மாத்த நேரம் இருக்காது."

நவோய்கா வாயிலிருந்த ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள்.

"குல்லாயா?"

"தொப்பி மாதிரிதான். வழிக்கு. நானே ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்."

பழுப்பாக ஒரு துணியை எடுத்துக் காட்டினான்.

"கல்யாணமாகாத பொண்ணுக்கா? விளையாட்டுக்குக்கூட அத வைக்கக் கூடாது, தம்பி."

"நான் சாமியார்தானே. பாவமிருந்தா நான் கழுவுறேன். மலை ஏறி இறங்கினதும் அவுத்துடலாம்." பிறகு அவள் கையைப் பிடித்தான். "அவள முழுசா ஊர் கொண்டு சேக்கணும். எனக்கு வேற கவலையே இல்லக்கா."

அவன் போன பிறகு அவள் நெடுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மலைவழியில் கூலிப்படை பெண்களை என்ன செய்தது என்று அவள் புருஷன் சொல்லியிருக்கிறான். குல்லாய் வேண்டும். ஆனால் சும்மா கட்டிய குல்லாய் உயிரைக் குடிக்கும். பிறந்த அன்றிலிருந்து வளர்த்த பெண். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். கட்டினால் முழுசாகக் கட்டிவிடுவது. தொட்டியோடு, பாட்டோடு. மாப்பிள்ளை என்று யாரும் இல்லாததால் அது யாருக்கும் கட்டியதாகாது. முறை கெடாததால் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. ஊர் போனதும் அவிழ்த்து, அவிழ்ப்பதற்கு உள்ள பாட்டையும் பாடிவிடலாம். இது நல்ல யோசனை என்று அவளுக்குப் பட்டது.

வியாழன் காலையில் சமையற்கட்டிலிருந்து மாவுத் தொட்டியை அவளே தூக்கி வந்தாள். மெக்டில்டும் இரண்டு பணிப்பெண்களும் அரசியை உடுத்த வந்திருந்தார்கள். மெக்டில்ட் தொட்டியைப் பார்த்தாள். சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"உக்காரு கண்ணு."

"இது மேலயா? நிஜமாவா?" சலோமேயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "யாரு மாப்பிள்ள? ஸ்டானிமிர் சாமியாரா?"

"சாமியாரச் சொல்லாத, பாவம். வழிக்குத்தான். மலை தாண்டினதும் அவுத்துடுவேன்."

"வண்டிக்காரனச் சொல்லலாமா?"

"அவனுக்கு ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டியாம்."

பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பின்னலின் நாடாவைத் தானே இழுத்து அவிழ்த்தாள். கூந்தல் இடுப்புக்குக் கீழே விழுந்தது. நவோய்கா அதை இரண்டாகப் பிரித்துச் சுருட்டினாள். ஸ்டானிமிர் கொடுத்த பழுப்புத் துணியை எடுத்தவள், கீழே வைத்துவிட்டு, மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் தன்னுடைய குல்லாயை எடுத்தாள். முறை என்றால் எல்லாம் முறையாக இருக்கட்டும். பாடினாள். மரத்திலிருந்து பிரிகிற கிளையைப் பற்றிய பாட்டு. வெர்ப்னாவில் இந்த இடத்தில் எல்லாப் பெண்களும் அழுவார்கள். சலோமேயா தாளம் போட்டாள்.

தேவாலயத்தில் பிஷப் உட்கார்ந்திருந்தார். வயதானவர், முழங்காலில் கம்பளி. ஒருபக்கம் அரசரின் ஆட்கள். மறுபக்கம் ஸ்டானிமிரும் வெர்ப்னாக்காரர்களும். நடுவில் எக்கார்ட் என்ற துறவி. அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும். நவோய்காவின் பாஷையைப் புத்தகத்தில் படித்தவர், புத்தகம் போலவே பேசுவார்.

முதலில் நவோய்காவைக் கூப்பிட்டார்கள். அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு புனிதரின் எலும்பு இருந்த வெள்ளிப் பேழைமேல் கையை வைக்கச் சொன்னார்கள். பெருமையாகத்தான் இருந்தது. பெண்ணை நன்றாக வளர்த்தாளா என்று கேட்கப் போகிறார்கள், ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் அதெல்லாம் கேட்பார்கள்தானே.

"நீங்கள் அரசிக்குப் பால் கொடுத்தவரா?" என்றார் துறவி.

"ஆமா சாமி. மூணு வருஷம்."

"உங்கள் நாட்டில் தாய் இல்லாத பெண்ணுக்குக் குல்லாய் கட்டும் உரிமை யாருக்கு?"

"பால் குடுத்தவளுக்கு."

"இன்று காலை கட்டினீர்களா?"

"கட்டினேன்."

இதைக் கேட்டு பிஷப் ஏதோ சொன்னார். துறவி திரும்பினார்.

"மாவுத் தொட்டியின் மேல் அமர்த்தியா?"

இந்த ஊர்க்காரர்களுக்குத் தொட்டியைப் பற்றி எப்படித் தெரியும் என்று அவளுக்கு லேசாக ஆச்சரியமாக இருந்தது. மெக்டில்ட் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆமா. எதுவும் குறை வைக்கல."

"பாலம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பேசாத. போதும்."

மெக்டில்ட் அரசியின் தோளைத் தொட்டு அடக்கினாள். நவோய்கா திரும்பிப் பார்த்தாள். பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. பிஷப்பைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று எண்ணி, தைரியம் சொல்வதற்காகக் கண்ணைச் சிமிட்டினாள்.

"அரசி அழுதார்களா? தடுத்தார்களா?"

"அழுகையா? சிரிப்ப அடக்க முடியல அவளுக்கு. பின்னல அவளே அவுத்தா. யாரும் கை வைக்கல."

துறவி அதை மாற்றிச் சொன்னார். அரசரின் பக்கம் இருந்தவர்கள் மெல்லத் தலையசைத்தார்கள். பிஷப் நீண்ட நேரம் பேசினார். இடையில் சலோமேயா எழுந்தாள். "மாட்டேன்," என்றாள். முதலில் வெர்ப்னாவின் பாஷையில், பிறகு அந்த ஊர்ப் பாஷையில். ஏழு வருஷம் பழகிய குரல். தேவாலயத்தின் கூரைவரை போயிற்று. பிஷப்புக்குக் காது கேட்டது. கேட்காத மாதிரி இருக்கவும் இல்லை. அன்பாகவே தலையை ஆட்டி, இரண்டு மூன்று வார்த்தை சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று நவோய்கா துறவியைக் கேட்டாள்.

"கேள்விக்கு அவசியம் இல்லை என்கிறார். அரசியின் நாட்டு வழக்கப்படி, அரசியின் தாய் இடத்தில் இருப்பவரே, அரசியின் விருப்பத்தோடு, அரசியை மனைவியாக்கிவிட்டார். ஒருமுறை செயலால் சொன்ன சம்மதத்தை வாயால் மறுக்க முடியாது."

அவள் பேழையிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றாள்.

ஸ்டானிமிர் வெளியே குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் ஆட்களை அனுப்பிவிட்டான்.

"தொட்டியப் பத்தி இவங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் சேணத்தின் வாரை இறுக்கினான்.

"இவங்களுக்குத் தெரியாது. நம்ம ஊர்ல பொறந்தவனுக்குத்தான் தெரியும். நீ சொன்ன."

"சுவர் இன்னும் கட்டி முடியலக்கா. பழைய கோமகன் காலத்துல ஆரம்பிச்சது, பாதியில நிக்குது. இவ மாட்டேன்னு சொல்லிட்டு வந்தா அறுவடைக்கு முன்னாடி ஊர எரிச்சிடுவாங்க. உங்க வீடும் எங்க வீடும் சேத்துத்தான். என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அத அவகிட்ட சொல்லியிருக்கலாமே. அவளே முடிவு பண்ணியிருப்பாளே."

"மாட்டேன்னு சொல்லிட்டா?"

"அதுக்குத்தான கேக்கறாங்க, பாவி."

அவன் குதிரையின் கழுத்தைத் தடவினான். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"நான் குல்லாய் மட்டும்தான் கேட்டேன். வழிக்கு ஒரு குல்லாய். அதை வச்சு பிஷப் ஒத்துக்குவாரான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. தொட்டிய நீங்க தூக்கிட்டு வந்தீங்க. பாட்ட நீங்க பாடினீங்க. முழுசா, எந்தக் குறையும் இல்லாம. நான் கேக்கவே இல்லையே."

அவள் அவன் முகத்தில் துப்பினாள். அவன் துடைத்துக்கொண்டான். முள்ளங்கி திருடி மாட்டிக்கொண்ட நாளிலும் அவன் இப்படித்தான் நின்றிருக்கிறான்.

மாலையில் விருந்துச் சாலையில், எல்லோர் முன்னாலும், வெர்ப்னாவின் கோமகன் பெயரால் ஒரு பரிசு அறிவிக்கப்பட்டது. அரசிக்குக் குல்லாய் கட்டியவளுக்கு ஓநாய்த் தோல் வைத்த மேலங்கி. நவோய்கா எழுந்து போகவில்லை. இரண்டு ஆட்கள் வந்து அவள் தோளில் போர்த்திவிட்டுப் போனார்கள். மேசையின் உச்சியில், அரசருக்குப் பக்கத்தில், சலோமேயா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அரசியின் தலையை யாரோ ஒரு பணிப்பெண் சீவினாள். நவோய்காவை வாசலிலேயே நிறுத்தினார்கள். உள்ளே போக அவளுக்கு அனுமதி கிடைக்க மறுநாள் மதியம் ஆனது. சலோமேயா ஜன்னலருகே நின்றிருந்தாள். குல்லாய் கையில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த இலையெல்லாம் ஒரு ராத்திரில தைக்க முடியாது."

"முடியாது கண்ணு."

"எப்பத்துலேருந்து தைக்கிற?"

"அப்பா போன வருஷத்துலேருந்து."

"மூணு வருஷம்." ஓர் இலையை நகத்தால் தடவினாள். "ஞாயித்துக்கிழமையெல்லாம் மாட்டேன்னு சொல்லிக் குடுத்துட்டு, மத்த நாள்ல இதத் தைச்சிருக்க."

"இது அதுக்கில்ல. நம்ம ஊர் போன பிறகு, உனக்குப் பிடிச்ச ஒருத்தன்..."

"அங்கி நல்லா இருக்கா? கதகதப்பா?"

"சலா."

"ஸ்டானிமிர் சொன்னான். உனக்கு எல்லாம் தெரியும்னு. அக்காவுக்குச் சொல்லித்தான் வச்சிருந்தேன், அதான் தொட்டியெல்லாம் தயாரா இருந்துச்சுன்னு சொன்னான்."

"பொய். அந்த எலும்பு மேல திரும்பக் கைய வச்சுச் சொல்றேன்."

"வேண்டாம் பாலம்மா," என்றாள் பெண். "நீ எலும்பு மேல கைய வச்சு சொன்னது போதும்."

சலோமேயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நவோய்கா நின்றாள். பழைய கோமகன் குதிரை லாயத்தில் கேட்ட கேள்வி, நீ எதுக்கு இருக்க, அந்த அறையிலும் கேட்பது போலிருந்தது. மண்டியிட்டுப் பார்த்தாள். பாவாடையைப் பிடித்துப் பார்த்தாள். சலோமேயா மெதுவாக, ஒவ்வொரு விரலாக, அவள் கையைப் பிரித்து எடுத்தாள். பிறகு குல்லாயைத் தலையில் வைத்து, யாருடைய உதவியும் இல்லாமல், தானே கட்டிக்கொண்டாள்.

அரசியாக அவள் பிறப்பித்த முதல் உத்தரவு, வெர்ப்னாவிலிருந்து வந்த பெண்மணியை அவள் ஊருக்கு அனுப்பிவைப்பது. மெக்டில்டே கொஞ்சம் தயங்கினாள் என்று பிறகு சொன்னார்கள்.

தூதுவர்கள் புறப்படுகிற காலையில், மூடிய வண்டியில் நவோய்காவை ஏற்றினார்கள். உள்ளே இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது. பெண்ணுக்கென்று ஒரு சின்ன மெத்தை போட்டிருந்தார்கள். ஸ்டானிமிர் ஏமாற்றுவதைக்கூட ஒழுங்காகச் செய்திருந்தான். மேலங்கியை அவள் வாசல் காவலாளிக்குக் கொடுத்துவிட்டாள்.

அரசி வழியனுப்ப வருவதாகச் சொன்னார்கள். மெக்டில்டும் துறவி எக்கார்டும் இரண்டு பக்கமும் நடந்து வர, சலோமேயா வந்தாள். குல்லாயும் நீண்ட அங்கியுமாக, ஒரே வாரத்தில் உயர்ந்துவிட்டது போலிருந்தாள். வண்டிக்குச் சற்று முன்னால் நின்றாள். துறவியைப் பார்த்து, அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னாள்.

"வழிக்கு ரொட்டி இருக்கிறதா என்று அரசி கேட்கிறார்," என்றார் துறவி.

நவோய்காவுக்கு முதலில் விளங்கவில்லை. தன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று பட்டது. பிறகு விளங்கியது.

"இருக்கு," என்றாள்.

துறவி அதை மாற்றிச் சொன்னார். அரசி தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். மறுபடி ஏதோ சொன்னாள்.

"மலையில் குளிர் அதிகம். கம்பளி போதுமா என்று கேட்கிறார்."

"கண்ணு," என்று நவோய்கா வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "என்னப் பாரு. எனக்குத் தெரியாது. உன்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம்னுதான் நினைச்சேன். உசுருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பயந்துதான் தொட்டிய எடுத்தேன். நான் முட்டாள். ஆனா உன்ன விக்கல. உனக்கு அது தெரியும்."

பெண்ணின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. துறவி வாயைத் திறப்பதற்கு முன்பே அது நடந்தது. நவோய்கா பார்த்தாள்.

ஆனாலும் அரசி துறவியின் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். அவர் ஒவ்வொரு வாக்கியமாக, தடுமாறி, புத்தகம் போல மாற்றிச் சொன்னார். புதிதாகக் கேட்பவளைப் போல அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அரசிக்குப் புரிந்தது என்கிறார்," என்றார் துறவி.

என்ன புரிந்தது என்று கேட்க நவோய்கா வாயைத் திறந்தாள். வண்டிக்காரன் அதற்குள் குதிரைகளைத் தட்டிவிட்டான்.